பயிற்சிப் பிள்ளை

பயிற்சிப் பட்டறையின் கணினித் திரையிலிருந்த பெண்பிள்ளைக்கு உயிர் கிடையாது. பள்ளி ஆலோசகர்கள் பேசிப் பழகுவதற்காகச் செய்தது. துணிக்கடைப் பேரம்போல விட்டுக்கொடுத்தும் இழுத்துப் பிடித்தும், பயிற்சிக்கு வந்த ஆசிரியை செண்பகவல்லி, குதிக்க நின்ற அதை மாடி விளிம்பிலிருந்து ஒருவழியாக இறக்கிவிட்டாள்.

"நாளைக்கு வர்றேன் டீச்சர். இருப்பீங்கல்ல?" என்றது அது.

"இருப்பேன்டா கண்ணு."

பயிற்சியாளர் அருள்தாஸ் கறார் ஆள், கழுதைக்கும் குதிரைக்கும் ஒரே விலை சொல்பவர். "பிரமாதம் மேடம். பேசினதெல்லாம் அதோட நினைவுலேர்ந்து அழிச்சிடுறேன், அடுத்தவங்க பழகணும்."

"மறுபடி மாடிக்கா சார்?" அவள் திரையை மறைத்து நின்றாள். "ஒரு நாள் விடுங்க. சரி, அரை நாள். சாயங்காலம் வரைக்குமாவது சார்."

"மேடம், அது பொம்மை."

"அது அதுக்குத் தெரியாதே சார்."

அவர் அழித்தார். பிள்ளை மறுபடி விளிம்பில் நின்று அழுதது. அடுத்த ஆசிரியர் தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் வந்தார். செண்பகவல்லி ஓடிப்போய் வரிசையின் கடைசியில் நின்றுகொண்டாள்.