சேஃப் மோடில் ஒரு வீடு

“பயப்படாதீங்க சார்” என்ற கம்ப்யூட்டர் மெக்கானிக்குக்கு, மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்தும் வேர்த்துக் கொட்டியது. டாக்டருக்கே இந்த நிலை என்றால் நோயாளி பிழைத்த மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டார், வீடுகளுக்கு வரைபடம் வரைந்து கொடுக்கும் வீட்டுக்காரர்.

மணி நாலு. ஐந்துக்குள் மாடிவீட்டு வரைபடம் இன்ஜினியருக்குப் போகாவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். மூன்று வாரம் கண் பூத்துப்போக வரைந்தது, அந்தக் கறுத்த திரைக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருந்தது.

அந்த அறைச் சுழல்நாற்காலியின் இடது கை எப்போதோ கழன்றது. பார்த்தால் தெரியாது. புதிதாக வருகிறவர்கள் அதை நம்பிச் சாய்ந்து விழப்போவார்கள். தெருமுனைக் கடையிலிருந்து வந்த இவன் மட்டும் வலப்பக்கமாக ஊன்றிப் பாங்காக உட்கார்ந்தான். கெட்டிக்காரன் என்று அவர் மனசுக்குள் மெச்சிக்கொண்டார்.

“மெஷின் சேஃப் மோடுல நிக்குது சார். கோளாறு பாக்கறதுக்குன்னே இருக்கற வழி. முன்னெல்லாம் இதுக்குள்ள வர்றதுக்கு, ஆன் பண்ணதும் ஒரு கீயை டொக்கு டொக்குனு தட்டிட்டே இருக்கணும். இப்ப ஈஸி. உள்ள ஒரு டிக் போட்டாப் போதும், எத்தனை தடவை ஆன் பண்ணாலும் இதுலயேதான் வந்து நிக்கும்.”

“நல்லா ஈஸி பண்ணாங்கய்யா! வெளிய வர்றது?”

“அந்த டிக்கை எடுக்கணும். எடுக்கறதுக்கு உள்ள போகணும். நீங்க தினம் போடற நாலு நம்பர் இதுல செல்லாது. மெஷின் வாங்கினப்போ வச்ச பாஸ்வேர்டு வேணும்.”

மனைவியின் பிறந்த நாளைத் தட்டிப் பார்த்தார். தவறு என்றது. கல்யாண நாளைத் தட்டினார். அதுவும் தவறு என்றதும், தேதியே தப்போ என்று அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

பாஸ்வேர்டு வைத்தவள் அந்த மனைவிதான். பன்னிரண்டு அடி தூரத்தில், சமையலறையில் இருக்கிறாள். ஆனால் பதினோரு நாளாக இருவருக்கும் பேச்சு இல்லை. விருந்தாளிகள் முன்னால் அவள் ரசித்துச் சொன்ன கதையை இவர் நாலு இடத்தில் நிறுத்தித் திருத்திய வினை. மில்லிமீட்டர் பிசகாமல் வரைகிறவருக்கு வாயும் அளவுகோலாகவே அமைந்துவிட்டது.

“தம்பி, நீ போய்க் கேட்டுட்டு வாயேன்.”

போனவன் போன வேகத்தில் திரும்பினான். “கேக்க வேண்டியவங்க கேட்டாச் சொல்றாங்களாம்.”

“அவசரம்னு சொல்லுப்பா.”

மறுபடி போய் வந்தான். “அவசரம் யாருக்குன்னு கேக்கறாங்க.”

மணி நாலரை. மானமா வரைபடமா என்று ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, எழுந்து போய்ச் சமையலறை வாசலில் நின்று கனைத்தார்.

“தொண்டை கட்டியிருந்தா வெந்நீர் இருக்கு” என்றாள் அவள், கையிலிருந்த பாத்திரத்தைப் பார்த்து.

“இல்ல... அந்தப் பாஸ்வேர்டு...”

“யாரைக் கேக்கறீங்க?”

“உன்னைத்தாம்மா. அன்னிக்கு நான் அப்படி நடுவுல நடுவுல பேசினது தப்புதான். எல்லார் முன்னாடியும் உன் முகம் வாடிப்போச்சு. பாத்தேன். பாத்துட்டும் நிறுத்தல.”

அவள் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். “நம்ம பழைய ஸ்கூட்டர் நம்பர்தான். என்னைப் பின்னாடி உக்கார வச்சுட்டுப் போய் பஸ்ஸுல இடிச்சீங்களே, அது.”

லாரி. சந்தேகமே இல்லை, பச்சை லாரி. நின்றுகொண்டிருந்த லாரி. அவர் வாய் தானாகத் திறந்தது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“ஆமாமா, பஸ்ஸுதான்” என்றார்.

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவருக்கும் வந்தது, கூடவே கண்ணில் கொஞ்சம் தண்ணீரும்.

நாலே முக்காலுக்கு வரைபடம் இன்ஜினியருக்குப் போய்ச் சேர்ந்தது. முகம் கழுவிக்கொண்டு, மெக்கானிக்குக்கு ஒரு நன்றி சொல்லலாம் என்று வந்தவர், கூடத்துத் திரைச்சீலைக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டார். வாசலில் செருப்பை மாட்டியபடி, அவன் அவர் மனைவியிடம் கிசுகிசுத்துக்கொண்டிருந்தான்.

“அக்கா, அடுத்த சண்டைக்கு அந்த டிக்கை நீங்களே போட்டுக்குங்க, எனக்கு நடிக்க வரல!”