அணைக்க வந்தவள்

காய் நறுக்கும்போது கத்தி விரலில் பட்டுவிட்டது. காயத்தின் ஓரத்தில் இருந்த ஒரு செல்லுக்குச் செய்தி போனது. அதன் சவ்வில் சும்மா உட்கார்ந்திருந்த பொங்கன் துள்ளி எழுந்தான். செல்லை வளரச் சொல்லும் புரதச் சுவிட்ச் அவன்.

"வளரணும்! இரண்டாப் பிரியணும்! காயத்தை மூடணும்!" என்று உள்ளே பார்த்துக் கத்தினான்.

செல் இரண்டானது. பக்கத்துச் செல்களும் பெருகின. காயம் மூடிக்கொண்டது. பொங்கன் மட்டும் நிறுத்தவில்லை. "இன்னும்! இன்னும்!" என்று தொண்டை கட்டியும் கத்தினான். இப்படியே போனால் அங்கே ஒரு கட்டி கிளம்பிவிடும் என்று செல்லுக்குள் இருந்த எல்லோரும் பதறினார்கள்.

நீலா ஓடி வந்தாள். சுவிட்சுகளை அணைப்பது அவள் வேலை.

"போதும் பொங்கா, காயம் ஆறிடுச்சு."

"தெரியுது. ஆனா நிறுத்த வரலையே!"

"என்னைக் கூப்பிட்டிருக்கலாமே?"

"நீ அணைச்சுடுவியே. அப்புறம் நான் யாரு? ஒண்ணுமில்லாமப் போயிடுவேனே!"

"ஆமா, அணைக்கத்தான் வந்தேன்" என்று சிரித்த நீலா, இரண்டு கைகளாலும் அவனை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

பொங்கனின் குரல் மெல்ல மெல்ல இறங்கியது.

"அட, இதுக்கா இவ்வளவு பயந்தேன்?" என்று கேட்டு முடிப்பதற்குள் அவனுக்குக் குறட்டை வந்துவிட்டது.