கயிறு யார் கையில்?

ஒச்சாண்டி அரிவாளை ஓங்கினான். மரத்தில் இருமுறை சுற்றிய கயிற்றின் ஒரு முனை அவனுடைய இடக்கையில் இருந்தது. மறுமுனையில், மேகமலைப் பாறைச் சரிவில், தேனெடுக்க இறங்கிய இம்மானுவேல் தொங்கிக்கொண்டிருந்தான்.

அரிவாள், கயிற்றில் உராய்ந்த முட்கிளையை மட்டுமே வெட்டியது. ஆயினும், பார்த்துக்கொண்டிருந்த புதிய போதகர் பதறி முன்னே வந்தார்.

அவர் ஜெயமங்கலத்திலிருந்து இந்தப் பளியர் குடியிருப்புச் சபைக்கு வந்து இரண்டு மாதங்களே ஆகியிருந்தன. எனினும், குடியிருப்பில் ஞானஸ்நானம் பெற மறுத்த ஒரே ஆள் ஒச்சாண்டி என்பதையும், சென்ற ஆண்டு ஜெபக்கூடத்தின் கூரையைப் பிய்த்தெறிந்தவன் அவனே என்பதையும் அறிந்திருந்தார். இம்மானுவேலோடு அவன் பேசி மூன்று ஆண்டுகள் ஆயின.

"பொன்னாத்தா! உன் புருஷன் உயிரை இவன் கையிலயா கொடுத்திருக்கே?"

பொன்னாத்தாள் புகை மூட்டப் பச்சிலையைக் கட்டிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. "ஆமா ஐயா."

"உன் கொழுந்தன் அங்கன சும்மாதானே நிக்கிறான்? சபையில மொத ஆளாப் பாடுறவன். அவன்கிட்டக் கொடு."

இம்மானுவேலின் தம்பி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு இன்னும் விலகி நின்றான். "அண்ணன் இறங்குற கயித்தை நான் தொடக் கூடாது ஐயா. எங்க வழக்கம்."

"வழக்கமா, பயமா?"

"பாஸ்டரே, சத்தம் போடாதீக," என்றான் ஒச்சாண்டி, திரும்பாமலே. "தேனீ கலைஞ்சா மொதல்ல உங்க வழுக்கையிலதான் வந்து உக்காரும்."

கூடவே பச்சிலை கட்டிய பெண்கள் சிரித்தார்கள். போதகர் முகம் சிவந்து, கயிற்றை நோக்கிக் கை நீட்டினார். பொன்னாத்தாள் எழுந்து குறுக்கே நின்றாள்.

"கையை எடுங்க. பிடி மாறுச்சுன்னா அவுக பள்ளத்துக்குப் போயிருவாக."

"இவன் கையில கயிறு இருந்தா, ஞாயித்துக்கிழமை உனக்குத் திருவிருந்து கிடையாது."

"வேணாம்."

"சபையை விட்டே நீக்கிருவேன்!"

"நீக்குங்க. கூரையில்லாத ஜெபக்கூடத்துல மழையோட மழையா முட்டி போட்டவ நான். வெளியில நின்னும் எனக்குக் கும்பிடத் தெரியும்."

"அந்தக் கூரையைப் பிரிச்சவனே இவன்தானே!"

"பிரிச்சேன். நாளைக்கும் பிரிப்பேன்," என்றான் ஒச்சாண்டி. கயிறு அறுத்த உள்ளங்கையிலிருந்து இரத்தம் சொட்டியது, பிடி தளரவில்லை.

"கேட்டியா? இவன் உன் புருஷனைக் கொல்ல மாட்டான்னு என்ன நிச்சயம்?"

பொன்னாத்தாள் போதகரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எங்கண்ணன் என் தாலியவா அறுப்பாக?"