பஸ்ஸின் முதுகில் மங்களம்

டவுன் பஸ்ஸின் முதுகில் மங்களத்தின் பெயர் ஜொலித்துக்கொண்டிருந்தது.

தன் கடைவாசலில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்த வெங்கடசாமி, டம்ளரை வாய்க்குக் கொண்டுபோக மறந்து அப்படியே நின்றார்.

‘பாத்திரக்கடை மங்களத்துக்கு: தப்பு என்னோடதுதான். என்னை மன்னிச்சிடு. இப்படிக்கு...’ என்று எழுத்து ஓடியது. அதற்குப் பிறகு பெயர் எதுவும் வரவில்லை. சிவப்பாக ஒரு இதயம் மட்டும் வந்து கண்சிமிட்டியது. அடுத்து மூலவியாதி டாக்டர் வந்து சிரித்தார்.

பஸ்களில் இந்த லைட் போர்டு விளம்பரத்துக்கு அனுமதி வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் ஆண்டர்சன்பேட்டையில் நகைக்கடையும் நர்சரி ஸ்கூலும் பஸ் ஏறிவிட்டன. ஏறட்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் பாத்திரக்கடை மங்களம் என்று பஜாரில் ஒருத்திதான் இருக்கிறாள். அவள் வெங்கடசாமியின் பெண்டாட்டி.

அந்த விளம்பரத்தை வெங்கடசாமி கொடுக்கவில்லை.

எதிர் மருந்துக்கடை ஸ்டீவன் ரோட்டைத் தாண்டி ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“இன்னாண்ணா, பஸ்லயே போட்டு அசத்திட்டீங்க! எங்க வூட்டுல இப்ப என்னைத்தான் மொறைக்கிறாங்க.”

நான் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தவர், சட்டென்று மூடிக்கொண்டார். நான் இல்லை என்றால், பின்னே யார் என்று ஸ்டீவன் கேட்பார். ஸ்டீவன் கேட்டால் பஜாரே கேட்கும்.

அவருக்கே அதுதான் கேள்வி. எவன் அவன்? ஊரறிய மன்னிப்புக் கேட்கிற அளவுக்கு என் பெண்டாட்டிக்கு என்ன தப்புச் செய்தான்? அந்த இதயம் வேறு!

மங்களத்திடம் மன்னிப்புக் கேட்க வேண்டிய ஆள் ஒருவர் இருந்தார் என்பது உண்மைதான். அது சாட்சாத் இவரேதான்.

போன வாரம் மங்களத்தின் அண்ணன் மகள் பல்லவிக்குக் கல்யாணம். சீர் வைக்கக் கடையிலிருந்தே ஒரு பித்தளைக் குடத்தை எடுத்து, துணியில் சுற்றிக் கொண்டுபோனார் வெங்கடசாமி. யாரோ ஆர்டர் கொடுத்துப் பேர் வெட்டச் சொல்லி, வாங்க வராமலே கிடந்த குடம் அது. அவர் கவனிக்கவில்லை. மண்டபத்தில் சீர்வரிசையை மைக்கில் படித்தவர் கவனித்தார். குடத்தில் வெட்டியிருந்ததை அப்படியே முழங்கினார்.

“தேவாலயத்துக்குக் காணிக்கை, மரியகுழந்தை!”

மண்டபமே திரும்பிப் பார்த்துச் சிரித்தது. அத்தை வீட்டுச் சீர் என்று ஒன்று கடைசிவரை படிக்கப்படவே இல்லை. மங்களம் புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அன்றைக்கே ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டிருந்தால் முடிந்திருக்கும். மகராசன் என்ன சொன்னார் தெரியுமா? பேரிலயா தண்ணி புடிக்கப் போறாங்க என்றார்!

அதோடு வீட்டில் பேச்சு நின்றுபோனது. தட்டு மட்டும் டங்கென்று வந்து உட்காரும். இன்று காலையில் பெட்டியும் கட்டியாகிவிட்டது. சாயந்திரம் பாலகாட்டுக்கு, அண்ணன் வீட்டுக்குப் போகிறாளாம். பாலகாட் என்ன பம்பாயா, ஆட்டோ ஏறினால் வந்துவிடும். ஆனால் மங்களம் போனால் போனதுதான். தானாகத் திரும்பி வருகிற ரகம் இல்லை அவள்.

பஸ் போர்டுக்கு விளம்பரம் பிடித்துக் கொடுக்கும் ரோனிக்கு போன் போட்டார்.

“பார்ட்டி பேரு சொல்லக் கூடாது அங்கிள், ரூல்ஸ். நீங்க இல்ல, அது மட்டும் கன்ஃபர்ம்.”

பையன் சிரிப்பை அடக்குவது போனிலேயே கேட்டது.

வெங்கடசாமி கடையைச் சாத்திவிட்டு, ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குக் கிளம்பினார். அதே பஸ் சாம்பியன் ரீப்ஸ் வரைக்கும் போய்த் திரும்பி வந்து, அவரைத் தாண்டிப்போய், முதுகைக் காட்டிக் கண்சிமிட்டியது. ஸ்டாப்பில் நின்ற பெண்கள் வாய்விட்டுப் படித்தார்கள். அவரைக் கண்டதும், இருந்தால் இப்படி ஒரு புருஷன் இருக்கணும் என்று ஒருத்தி பெருமூச்சு விட்டாள். மனுஷன் செத்துப் பிழைத்தார்.

அந்தப் பெருமூச்சில்தான் அவருக்கு யோசனை பிறந்தது. எவனோ போட்டுத் தொலைத்தான். ஊரே நான்தான் என்று நினைக்கிறது. மங்களமும் அப்படியே நினைத்துவிட்டால், அந்த எவனோ ஒழிந்தான்!

வீட்டு வாசலில் மங்களம் பெட்டியும் கையுமாக நின்றாள்.

“பஸ்ல பாத்தியா மங்களம்? நான்தான் போட்டேன்” என்றார், மூச்சு வாங்க.

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“அப்படியா? போர்டுல படிச்சாச்சு. வாயால ஒரு வாட்டி சொல்லுங்க.”

ஒரு வாரமாகக் கேட்காத குரல். இந்தக் குரல் இல்லாத வீட்டில் எப்படி இருக்கப்போகிறோம் என்று வெங்கடசாமிக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது. பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தார். வந்ததோ வேறு.

“தப்பு என்னோடதுதான். குடத்தத் திருப்பிப் பாத்து எடுத்தாந்திருக்கணும். அத்தினி பேர் எதிர்ல உன்னைத் தலைகுனிய வெச்சுட்டேன். மன்னிச்சிடு மங்களம். போயிடாத.”

மங்களம் பெட்டியைக் கீழே வைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்து ஒரு நம்பரைத் தட்டினாள்.

“ரோனி, போதும்பா, நிறுத்திடு. நாளைக்கு இவரு போட்டோவோட போடறதா இருந்தோமே, அதுவும் வேணாம்.”