சாரம்மாளின் நீலத் திரை

“அந்தம்மாவை மாத்திர வேண்டியதுதான்” என்றான் சிவசங்கரன். “திங்கக்கெழமைல இருந்து, குடோன்ல பில் போடுத ஸ்வீட்லின் முன் கவுன்டர்ல உக்காரட்டும்.”

நித்யா இதை எதிர்பார்க்கவில்லை. பாளையங்கோட்டையிலிருந்து வந்து போகும் சாஃப்ட்வேர்க்காரி அவள். அம்பாசமுத்திரத்து மோட்டார், பைப் கடைக்குப் புது பில்லிங் போட்டுக் கொடுக்க வந்தவள். யார் வேலையையும் பறிக்க வந்தவள் இல்லை.

ஆனாலும் முன் கவுன்டரில் பில் போடும் சாரம்மாள் பண்ணுவதும் கொஞ்சம் அதிகம்தான். கடையில் எல்லோரும் புதுத் திரைக்குப் பழகிவிட்டார்கள். அவள் மட்டும் அந்தப் பழைய நீலத் திரைதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள்.

“அக்கா, இதுல மௌஸை வச்சு ஒரு அமுக்கு அமுக்கினாப் போதும்.”

“எனக்கு மௌஸே ஆகாது பிள்ள. எஃப் டூவைத் தட்டினா பில்லு, எஃப் ஃபைவைத் தட்டினா சரக்கு. அது போதும்.”

“ஒரு நாள் பழகித்தான் பாருங்களேன்.”

“மண்டையில ஏறலையே, நான் என்ன செய்ய?”

கேட்டுக்கொண்டிருந்த ஐயம்பெருமாள் அண்ணாச்சிக்குப் பொறுக்கவில்லை. கடையை ஆரம்பித்தவர் அவர். இப்போது நிர்வாகம் மகன் சிவசங்கரனிடம். ஆறிப்போன காப்பியை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்துவிட்டு டம்ளரை வைத்தார்.

“ஊரே மாறிட்டு சாரம்மா! நீ மட்டும் ஏன் அப்படியே கெடக்கே? சின்னப் பிள்ளையப் போட்டு இந்தப் பாடு படுத்துதியே!”

சாரம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். நித்யாவுக்கே பாவமாகப் போய்விட்டது. சிவசங்கரனைத் தனியே பிடித்தாள்.

“சார், அவங்களை மாத்த வேண்டாம். அந்தப் பழைய ஸ்கிரீனையே போட்டுக் குடுத்திருதேன்.”

“என்னம்மா சொல்லுத? அதுல ஒரு கட்டத்தை நகட்டினாலே சரக்குக் கணக்கு காணாமப் போகுதுன்னுதானே உன்னையக் கூப்பிட்டேன்?”

“அதுல ஸ்கிரீனும் டேட்டாவும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு பின்னிக் கெடந்துச்சு சார். இப்ப ரெண்டையும் பிரிச்சாச்சு. டேட்டா தனியா உள்ள பத்திரமா இருக்கு. வெளிய எந்த ஸ்கிரீனை வேணும்னாலும் மாட்டலாம். ஒரே சாம்பாரை இலையிலயும் ஊத்தலாம், தட்டுலயும் ஊத்தலாம்லா?”

சிவசங்கரன் யோசித்தான்.

“சரி, செய்யி. ஆனா ஒரு பில்லு தப்பாப் போனாலும் அந்தம்மாவை எந்திரிக்கச் சொல்லிருவேன்.”

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதற்கே போயிற்று. அதே நீலம், அதே வெள்ளை எழுத்து, அதே எஃப் டூ. ஆசை ஆசையாகக் கட்டிய புது வீட்டுக்குப் பழைய தகரக் கதவை மாட்டுவது போலிருந்தது நித்யாவுக்கு. சாரம்மாளை மனதுக்குள் திட்டிக்கொண்டேதான் செய்தாள்.

மறுநாள் திரையைப் பார்த்ததும் சாரம்மாள் அவள் கன்னத்தைத் தடவி, “கர்த்தர் ஒன்னைய நல்லா வைப்பாரு” என்றாள். அதில் பாதிக் கோபம் இறங்கிவிட்டது.

அடுத்த வாரம். எல்லாம் ஒழுங்காக ஓடுகிறதா பார்க்க மதிய நேரத்தில் வந்த நித்யா, பின்பக்கத்துக் குடோனுக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

ஸ்வீட்லின் லீவு. அவள் நாற்காலியில் சாரம்மாள். எதிரே புதுத் திரை. சாப்பிட்ட கை காயுமுன் மௌஸ் பறக்கிறது. ஆழ்வார்குறிச்சிக்காரர் ஒருவர் கேட்ட பைப்பைக் கண் மூடித் திறப்பதற்குள் எடுத்து, பில்லை அடித்துக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டாள்.

“அக்கா!”

சாரம்மாள் முகத்தில் ஈயாடவில்லை.

“இவ்வளவு நல்லாத் தெரியுது! அப்புறம் ஏன் என்னையப் போட்டுப் பாடாப் படுத்துனீங்க? அண்ணாச்சிட்ட ஏச்சு வேற. வேலையே போயிருக்குமே?”

“பைய பேசு பிள்ள.”

சாரம்மாள் அவள் கையைப் பிடித்து இழுத்துக் கதவிடுக்கு வழியாக முன் கவுன்டரைக் காட்டினாள்.

அங்கே, நீலத் திரைக்கு முன்னால், ஐயம்பெருமாள் அண்ணாச்சி. மணிக்கட்டு இரண்டையும் மேசையில் அழுத்தி ஊன்றிக்கொண்டு, எஃப் டூவைத் தட்டி பில் போட்டுக்கொண்டிருந்தார். வந்தவரிடம் ஊர்க்கதை வேறு. முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

“சிவசங்கரன் தம்பி மத்தியானம் வீட்டுக்குப் போயிருவாரு. நான் சாப்பிடப் போவேன். அந்த நேரம் அண்ணாச்சிதான் கவுன்டர்ல இருப்பாவ. அவுகளுக்கு இப்பக் கை நடுக்கம் வந்துட்டு பிள்ள. கையை ஊணிக்கிட்டு கீயை எப்படியும் தட்டிருவாவ. மௌஸைப் பிடிச்சா அம்புக்குறி ஸ்கிரீன் பூரா ஓடும். தம்பிக்குத் தெரிஞ்சா, ‘போதும்ப்பா, வீட்டுல இருங்க’ன்னுருவாரு. அதான் எனக்குத் தெரியலைன்னு சொல்லிட்டேன்.”

நித்யா கதவை மெல்லச் சாத்தினாள். ஞாயிற்றுக்கிழமை போனதற்கு இப்போது துளியும் வருத்தமில்லை.

முன்னாலிருந்து அண்ணாச்சியின் குரல் கணீரென்று வந்தது.

“சாரம்மா! அந்தப் புது ஸ்கிரீனைப் படிச்சியா, இல்லையா?”

மௌஸை விடாமலே சாரம்மாள் சத்தமாகச் சொன்னாள்:

“எங்க அண்ணாச்சி, மண்டையில ஏறவே மாட்டேங்கு!”