ஊருக்குச் சொன்ன பரிசோதனை

கட்டிலில் ஏறிப் படுக்கச் சொன்னார்கள். அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

துணித்திரைக்குக் கீழே இரண்டு கால்கள் தெரிந்தன. மெட்டி போட்ட, பித்தவெடிப்புக் கால்கள். அடுத்த டோக்கன், அவள் ஊர் இருளாயி.

தெரிந்தவர் கண்ணில் படக்கூடாது என்றுதான் இரண்டு பஸ் மாறி இந்த ஆஸ்பத்திரிக்கு வந்தாள். இருளாயியை இங்கே வரச்சொல்லிச் சீட்டு எழுதிக்கொடுத்ததே தான்தான் என்பது, வரிசையில் அவளைப் பார்த்த பிறகுதான் உறைத்தது.

இருபது வருடமாகக் கிராமத்து நர்ஸ். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு வீடு வீடாகப் போய்ப் பெண்களைக் கூட்டிவருவது அவள் வேலை. என்ன பேச்சு பேசியிருக்கிறாள்! "பிள்ள பெத்தவளுக்கு என்னடி வெக்கம்?" என்று இருளாயியைத் தெருவில் வைத்தே கேட்டவள். அப்படியும் மசியாதவர்களிடம் கடைசியாக ஒன்று சொல்வாள்.

"நானே வருசா வருசம் பண்ணிக்கிறேன்."

அதைக் கேட்டதும் எல்லோரும் கிளம்பிவிடுவார்கள்.

ஒருநாளும் பண்ணிக்கொண்டதில்லை.

தீட்டு நின்று மூன்று வருடம். போன மாதம் மறுபடி ரத்தம் பட்டது. இந்த மாதமும். அது எதுவாக இருக்கலாம் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் ஐந்து வாரம் கடத்தினாள்.

படுத்தாள். முழங்கால்கள் ஒட்டிக்கொண்டு பிரிய மறுத்தன.

திரைக்கு வெளியே இருளாயி யாரிடமோ பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"உள்ள இருக்கது எங்க ஊரு நர்சம்மா. வருசா வருசம் பண்ணிக்கிறவுக. அவுக சொல்லித்தான் நானே வந்தேன்."

அவளுக்குக் காதெல்லாம் சுட்டது. புடவையை விலக்கிப் படுத்திருப்பதைவிட இதுதான் கேவலமாக இருந்தது.

டாக்டரம்மா கையுறையை மாட்டினார்.

"கடைசியா இந்த டெஸ்ட் எப்ப எடுத்தீங்க?"

மெதுவாகச் சொன்னால் போதும். தலையை ஆட்டினாலே போதும். வெளியே ஒருவருக்கும் தெரியாது.

"எடுத்ததே இல்ல டாக்டர்."

வெளியே கேட்கும்படி சொன்னாள்.

"ஒரு தடவகூட இல்ல."

மெட்டிக் கால்கள் ஓர் அடி பின்னே போயின.

போய்விடவில்லை. அங்கேயே நின்றன.

அவள் முழங்கால்களைப் பிரித்தாள்.