நாலாவது ஓட்டை

“மூணு மெக்கானிக் பார்த்தாச்சு. மூணு பேரும் கையை விரிச்சுட்டாங்க. இவனா கண்டுபிடிக்கப் போறான்?”

அண்ணன் இதைத் தம்பியிடம் சொல்லவில்லை. தம்பி எதிரே நிற்க, மனைவியைப் பார்த்துச் சொன்னார்.

தம்பிக்குச் சுருக்கென்றது. பையைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிடலாமா என்று யோசித்தார். அண்ணி போன் பண்ணிக் கூப்பிட்டாரே என்றுதான் வந்திருந்தார். கார்களுக்குக் கண்ணாடியும் ரப்பரும் மாட்டுவது அவர் தொழில்.

இரண்டு பேருக்கும் மூன்று வருஷமாகப் பேச்சு இல்லை. அண்ணன் மகள் கல்யாணத்தில் மேடை விளக்கு பாதியில் அணைந்தது. ஒயரிங் தம்பி பொறுப்பு. சம்பந்தி வீட்டார் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, அண்ணன் கத்தினார்.

“எடுத்த வேலையை என்னைக்குடா நீ முடிச்சிருக்க?”

அன்றைக்கு வெளியே போன தம்பி, இன்றுதான் இந்த வாசலை மிதிக்கிறார்.

ஷெட்டில் கார் நின்றது. பதினெட்டு வயசான சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார், இரண்டே சீட். மூன்று பேர் ஓட்டித் தள்ளிவிட்டதை, ரிட்டையரான கையோடு அண்ணன் ஆசைப்பட்டு வாங்கியிருந்தார்.

“முட்டிவலியோட இதுக்குள்ள இறக்க ஒரு ஆள், வெளியே தூக்க ஒரு ஆள் வேணும் தம்பி,” என்றார் அண்ணி. “இப்ப துடைக்கவும் ஒரு ஆள். மழை பெஞ்சா காலடியில குளம்.”

தம்பி கார்ப்பெட்டை உரித்து வெளியே போட்டார். தரையில் மூன்று அடுக்காகச் செய்தித்தாள் விரித்தார்.

“நான் வெளியே ஹோஸ் பிடிப்பேன் அண்ணி. உள்ளே டார்ச்சோட ஒருத்தர் உட்கார்ந்து, முதல் சொட்டு எங்கே வருதுன்னு சொல்லணும்.”

“எனக்கு அடுப்புல வேலை கிடக்கு,” என்று அண்ணி நழுவினார்.

வேறு ஆள் இல்லை. அண்ணன் முனகிக்கொண்டே உள்ளே இறங்கினார்.

தம்பி கீழிருந்து தண்ணீர் அடிக்க ஆரம்பித்தார்.

“மேலேருந்து அடிச்சா என்னவாம்?” உள்ளேயிருந்து குரல் வந்தது. மூன்று வருஷத்தில் முதல் நேர்ப் பேச்சு.

“எல்லா ஓட்டையிலயும் ஒண்ணா வரும். எது எதுன்னு தெரியாது.”

“ம். பெரிய விஞ்ஞானி.”

ஹோஸ் முன் கண்ணாடிக்கு வந்தபோது அண்ணன் சின்னப் பிள்ளை மாதிரி கத்தினார். “சொட்டுடா! இடது பக்கம், கால் வைக்கிற இடத்துல!”

வைப்பருக்குக் கீழே தண்ணீர் வடிகிற துளையை மக்கிய இலை அடைத்திருந்தது. தம்பி கம்பி விட்டு இழுத்துப் போட்டார்.

மறுநாள் கதவு. ரப்பரில் பவுடர் தடவி, கதவைச் சாத்தித் திறந்தார். ஒரு மூலையில் மட்டும் பவுடர் கதவில் ஒட்டவில்லை. ரப்பர் அங்கே சுருங்கியிருந்தது. மாற்றினார்.

மூன்றாம் நாள் அவர் வருவதற்கு முன்பே அண்ணன் டார்ச்சோடு காருக்குள் உட்கார்ந்திருந்தார். அன்றைக்குப் பின் விளக்கு. வாஷர் இற்றுப்போய், டிக்கியில் இறங்கிய தண்ணீர் சீட்டுக்கடி வரை வந்திருந்தது. அதையும் மாற்றி, ஒரு மணி நேரம் சுற்றிச் சுற்றித் தண்ணீர் அடித்தார்கள். ஒரு சொட்டு வரவில்லை.

ஈரத் தாளை எடுத்துவிட்டு, புதிதாக மூன்று அடுக்கு விரித்தார் தம்பி. “ரெண்டு நாள் இப்படியே கிடக்கட்டும். அப்புறம் கார்ப்பெட்டைப் போட்டுக்கலாம். வேலை முடிஞ்சுதுண்ணே.”

“அப்ப இனிமே வேலை இல்லையா?”

“இல்ல.”

“சரி.”

அவ்வளவுதான். நல்லா பண்ணினடா என்று ஒரு வார்த்தை வரும் என்று தம்பி எதிர்பார்த்தார். வரவில்லை. மனசு கசந்துதான் வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலை போன். அண்ணனே கூப்பிட்டார்.

“என்னடா வேலை பார்த்த? குளம் கட்டி நிக்குது! பாதியில விட்டுட்டுப் போயிருக்க!”

தம்பிக்கு ரத்தம் கொதித்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுவிட்டு, இனி அந்தத் திசையிலேயே தலைவைத்துப் படுப்பதில்லை என்று கிளம்பினார்.

“பாரு, நீயே பாரு,” என்று கார் கதவைத் திறந்துவிட்டார் அண்ணன்.

தம்பி குனிந்து பார்த்தார். மேல் தாள் நனைந்து கூழாகியிருந்தது. நடுத் தாளில் பாதி ஈரம். கீழ்த் தாள் மொடமொடவென்று காய்ந்து கிடந்தது. ஒழுகல் என்றால் தரையோடு ஓடி வந்து கீழ்த் தாள்தான் முதலில் நனையும். அதுவுமில்லாமல் மழை பெய்தே நாலு நாளாகிறது.

ஈரத்தை விரலால் தொட்டு மூக்கருகே கொண்டுபோனார். சோப்பு வாசனை.

நிமிர்ந்தார். நாலு கேள்வியும் நுனி நாக்கில் இருந்தன.

“ஏங்க,” வீட்டுக்குள்ளிருந்து அண்ணி குரல் கொடுத்தார், “பாத்ரூம்ல குளிக்கிற மக்கைக் காணோம். நீங்க எடுத்தீங்களா?”

அண்ணன் காதில் விழாத மாதிரி ஷெட்டின் கூரையைப் பார்த்தார். கையில் டார்ச் தயாராக இருந்தது.

“இதையாவது முடிச்சிடுவியாடா?” என்றார், கூரையையே பார்த்தபடி.

தம்பி ஹோஸைப் பிரித்தார்.

“எங்கேண்ணே முடிக்கிறது? எடுத்த வேலையை நான் என்னைக்கு முடிச்சிருக்கேன்? நாளைக்கும் வர்றேன்.”